செவிமடுக்கப்படாத கடிதங்கள்: பொஸ்டன் நகரமும் திருச்சபைகளின் உளவளத்துணையும்

2002ஆம் ஆண்டு ஜனவரி மாதம். கொழும்பில் நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையின் செய்தி மேசையில் இரவுப் பணியில் இருந்தேன். முந்திய மாதம்தான் ஆட்சி மாறியிருந்தது. யுத்தநிறுத்தம் வருமா, வந்தால் நிலைக்குமா என்பதே நாடெங்கும் பேச்சாக இருந்தது. வன்னியிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் வரும் ஒவ்வொரு வரிக்காகவும் காத்திருந்த அந்த நாட்களில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. கத்தோலிக்க குருவானவர் ஒருவர் முப்பது ஆண்டுகளாகச் சிறுவர்களைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்துவந்தார் என்றும், அதனை அறிந்திருந்த மேலிடம் அவரைப் பங்கிலிருந்து பங்குக்கு மாற்றிக்கொண்டே இருந்தது என்றும் 'பொஸ்டன் குளோப்' பத்திரிகை அம்பலப்படுத்தியிருந்தது. நீண்ட அச்செய்தியை ஐந்து வரிகளாகச் சுருக்கி வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் அடியில் இட்டேன். அன்றைய இடநெருக்கடியில் அதற்குமேல் செய்ய இயலாது என்றே எண்ணினேன்.

அந்த ஐந்து வரிகளைப் பற்றிப் பின்னாளில் நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை இக்கட்டுரையின் இறுதியில் கூறுகிறேன்.

'உளவளத்துணை' என்ற சொல் இன்று இலங்கைத் தமிழரிடையே நன்கு பழகிப்போன ஒன்று. தமிழகத்து வாசகர்கள் மனநல ஆலோசனை என்பர். போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் அச்சொல்லை எங்கள் கிராமங்கள் வரை கொண்டுசென்றன. உள்ளத்தில் விழும் காயத்தின் தழும்புக்கு 'மனவடு' என்றொரு சொல்லும் நம்மிடம் உண்டு. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தமது நூலொன்றுக்கு அப்பெயரையே சூட்டியிருந்தார். ஆனால் தேவாலயத்தின் கூரையின் கீழ் நவீன உளவளத்துணை எங்கே தொடங்கியது என்று தேடிப்போனால், மீண்டும் அதே பொஸ்டன் நகரில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. துன்பப்படுவோருக்குச் செவிகொடுக்க வேண்டுமெனத் திருச்சபைக்குக் கற்பித்த நகரமும், திருச்சபை செவியைப் பொத்திக்கொண்டதை உலகுக்குக் காட்டிய நகரமும் ஒன்றே. இடைப்பட்ட நூற்றாண்டில் நடந்தது என்ன என்பதே இங்கு நான் சொல்ல முற்படும் கதை.

நியூபரி வீதியின் தேவாலயம்

பொஸ்டன் நியூபரி வீதியில் இம்மானுவேல் தேவாலயம் என்ற பெயரில் எப்பிஸ்கோப்பல் சபைக் கோயில் ஒன்று உள்ளது. 1904இல் அதன் குருவாகப் பொறுப்பேற்றவர் எல்வூட் வூஸ்டர். இறையியலுடன் நில்லாது, ஜேர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலும் கற்று கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். முதலில், ஜோசப் பிராட் என்ற வைத்தியர் வறிய காசநோயாளர்களை ஒன்றுகூட்டி நடத்திய வகுப்புக்கு அவருடைய கோயில் 1905இல் நிதியுதவி செய்தது. நோயாளர் கிழமைக்கு ஒருமுறை ஒன்றுகூடுவர், தத்தம் நிலையைப் பகிர்ந்துகொள்வர், ஒருவரையொருவர் தேற்றுவர். உடல் நோய்க்குப் பயன்தந்த இம்முறை மனத்துயருக்கும் உதவாதா என்று வூஸ்டர் எண்ணினார்.

1906 நவம்பரில், மனத்துயரால் வருந்துவோர் வந்து பேசலாம் என்று அவரும் அவருடைய துணைக்குரு சாமுவேல் மக்கோம்பும் அறிவித்தனர். மறுநாள் காலை ஏறத்தாழ 200 பேர் வந்து காத்திருந்தனர். ஐசடோர் கொரியட் என்ற நரம்பியல் வைத்தியரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். வைத்தியர் முதலில் பரிசோதிப்பார். பின்னர் குருவானவர் தனியே அமர்ந்து கேட்பார். மாலையில் பொதுக்கூட்டம் நடக்கும். 'இம்மானுவேல் இயக்கம்' எனப் பெயர்பெற்ற இம்முயற்சி சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டது.

வைத்தியர்கள் பலர் இதனை விரும்பவில்லை. 1909 செப்டெம்பரில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆற்றுவதற்காக சிக்மண்ட் பிராய்ட் அமெரிக்கா வந்தபோது, பொஸ்டன் பத்திரிகையாளர் ஒருவர் அவரிடம் இவ்வியக்கம் பற்றிக் கேட்டார். மருத்துவப் பயிற்சி அற்றோர் இக்காரியத்தில் இறங்குவதை பிராய்ட் ஏற்கவில்லை. அந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. எனினும் வூஸ்டர் தொடக்கிய மரபில் ஓர் அடிப்படை நேர்மை இருந்ததை மறுக்கவியலாது. கதவைத் தட்டி வந்தவர் துன்புற்றவர். அவர் சொல்வதைக் கேட்பதே முதற்பணி.

மனநோயாளியாக இருந்த குரு

கிளார்க் பல்கலைக்கழகம் அமைந்திருப்பது பொஸ்டனுக்கு மேற்கே உள்ள வூஸ்டர் என்ற நகரில். குருவின் பெயரும் நகரின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல். அந்நகரின் அரச மனநல வைத்தியசாலையில்தான் அடுத்த அத்தியாயம் எழுதப்பட்டது.

அன்டன் பொய்சன் ஒரு புரட்டஸ்தாந்து போதகர். 1920இல், தமது நாற்பத்து நான்காவது வயதில், கடும் மனப்பிறழ்வுக்கு உள்ளாகி மனநல வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். ஓராண்டுக்கு மேல் அங்கிருந்த காலத்தில் அவர் கண்டுகொண்டது ஒன்றுண்டு. வைத்தியர்கள் தம் உடலைப் பார்க்கின்றனர். போதகர்கள் பிரசங்கம் செய்துவிட்டுச் செல்கின்றனர். எனக்குள் என்ன நடந்தது என்று எவரும் கேட்கவில்லை! குணமடைந்த பொய்சன் 1924இல் வூஸ்டர் அரச வைத்தியசாலையின் ஆன்ம குருவாக நியமனம் பெற்றார். 1925 கோடையில் நான்கு இறையியல் மாணவர்களை அங்கு அழைத்துவந்து நோயாளர்களிடையே பணியாற்ற வைத்தார். ஹார்வார்ட் மருத்துவப் பேராசிரியர் ரிச்சர்ட் கெபொட் அதற்குத் துணைநின்றார். குருமாணவர்கள் புத்தகங்களை மட்டுமன்றித் துன்பப்படும் மனிதரையும் ஓர் ஏட்டைப் போல வாசிக்கக் கற்க வேண்டும் என்பது பொய்சனின் கொள்கை. இன்று உலகின் பல வைத்தியசாலைகளில் ஆன்ம குருமார் பெறும் பயிற்சியின் மூலவேர் அந்த நால்வரின் கோடைகாலம்தான்.

இந்த வரலாற்றை அறிந்தபின் ஒரு கேள்வி எழாமல் இராது. இவ்வளவு அழகாகச் செவிமடுக்கக் கற்றுக்கொண்ட கிறிஸ்தவ உலகம், தன் சொந்தக் கூரையின் கீழ் காயப்பட்ட சிறுவரின் குரலை ஏன் கேட்கவில்லை?

நியூ மெக்சிக்கோ மலையில் ஒரு புகலிடம்

அதற்கான விடையின் ஒரு பகுதி பொஸ்டனிலிருந்து மிகத் தொலைவில், நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் ஹெமெஸ் ஸ்பிரிங்ஸ் என்ற மலையூரில் இருக்கிறது. ஜெரால்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற குருவானவர் 1947இல் அங்கு ஒரு துறவற சபையை நிறுவினார். தூய ஆவியாரைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'துணையாளர்' என்பர். அத்துணையாளரின் ஊழியர் என்பதே அச்சபையின் பெயர். மதுவுக்கு அடிமையான, மனம் சோர்ந்த குருமாருக்கு அடைக்கலம் தருவதே அதன் நோக்கமாக இருந்தது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் பல மறைமாவட்டங்களிலிருந்தும் வேறொரு வகைக் குருமாரும் அங்கு அனுப்பப்பட்டனர். சிறுவரைத் தீண்டியவர்கள்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் நிலைமையை விரைவிலேயே புரிந்துகொண்டார். இத்தகையோர் மனம் திருந்துவது மிக அரிது, இவர்களை மீண்டும் பங்குகளுக்கு அனுப்பக்கூடாது, குருத்துவத்திலிருந்தே நீக்க வேண்டும் என்று 1950களிலேயே ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார். 1963இல் பாப்பரசர் ஆறாம் பவுலையும் சந்தித்தார். இவர்களைத் தனிமைப்படுத்துவதற்கெனக் கரிபியன் கடலில் ஒரு தீவை வாங்க 1965இல் 5,000 டொலர் முற்பணமும் செலுத்தினார். அத்திட்டம் கைகூடவில்லை. 1969இல் அவர் காலமானார். அவருடைய கடிதங்கள் 2009இல்தான் பொதுவெளிக்கு வந்தன. தங்களுக்கு எதுவும் தெரியாது, அன்றைய அறிவியல் அவ்வளவுதான் என்று 2002இல் ஆயர்கள் கூறிய சமாதானத்தை அக்கடிதங்கள் பொய்யாக்கின.

அவர் எச்சரித்ததற்கு மாறானதே நடந்தது. மசாசூசெற்ஸின் ஃபோல் ரிவர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் போர்ட்டர் என்ற குருவானவர் 1967இல் ஹெமெஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பப்பட்டார். சிகிச்சை பெற்ற காலத்திலேயே அயல் பங்குகளில் பணிபுரிய அனுமதிக்கப்பட்டார். அங்கும் சிறுவர்கள் பாதிக்கப்பட்டனர். பின்னர் மினசோட்டாவுக்குச் சென்றார். அங்கும் அதுவே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றம் இழைத்த குருவுக்குச் சிகிச்சை நிலையம் இருந்தது, பயணச் செலவு இருந்தது, மனநல அறிக்கை இருந்தது, மன்னிப்பும் இருந்தது. பாதிக்கப்பட்ட சிறுவனுக்கு இருந்தது மௌனம் மட்டுமே. உளவளத்துணை என்ற நற்கருவி திசைமாறிப் போயிருந்தது. துன்புற்றவரைக் கேட்பதற்காகத் தோன்றிய கலை, துன்பம் விளைத்தவரைப் பணிக்குத் திருப்பி அனுப்பும் சான்றிதழாகச் சுருங்கிவிட்டது.

ஒரு பெண்ணின் கடிதம்

பொஸ்டன் உயர்மறைமாவட்டத்தின் ஜோன் கேகன் 1962இல் குருவானவர். 1980இல் அவர் பணியாற்றிய பங்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏழு சிறுவர்கள் அவரால் பாதிக்கப்பட்டிருந்தனர். அச்சிறுவர்களின் உறவினரான ஒரு பெண்மணி 1982 ஓகஸ்டில் கர்தினால் மெடெய்ரோஸுக்குக் கடிதம் எழுதினார். திருச்சபையின் பெயருக்குக் களங்கம் வரக்கூடாதெனக் குடும்பத்தினர் வாய்மூடி இருந்ததையும், இரண்டாண்டுகள் கழிந்தும் அக்குருவானவர் சிறுவரிடையே பணியில் இருப்பதையும் அக்கடிதம் சுட்டிக்காட்டியது. அவர் திருச்சபையின் எதிரி அல்லர், ஆழ்ந்த விசுவாசி. கர்தினாலின் பதில் கடவுளின் இரக்கத்தையும் மன்னிப்பையும் பற்றிப் பேசியது. கேகன் சிறிது காலம் ரோமாபுரிக்கு ஓய்வுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து பணியைத் தொடர்ந்தார்.

1984இல் பேர்னாட் லோ பேராயராக வந்தார். அப்பெண்மணி அவருக்கும் எழுதினார். லோ, கேகனை வெஸ்டன் என்ற செல்வந்தர் வாழும் ஊரின் பங்குக்கு மாற்றினார். அம்மாற்றம் தகாது என்று துணை ஆயர் ஜோன் டார்சி 1984 டிசம்பரில் பேராயருக்கு எழுதினார். அக்கடிதமும் கோப்புக்குள் போயிற்று. மறுபுறத்தில், கேகன் பணிக்குத் தகுதியானவர் என்று கூறக் குடும்ப வைத்தியர் ஒருவரும், இவ்வகைக் குற்றங்களில் தேர்ச்சி அற்ற மனநல மருத்துவர் ஒருவரும் கிடைத்தனர். 1989இல் மேரிலன்ட் மாநிலத்தின் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கும் பின்னர் ஹார்ட்போர்ட் நகரின் மனநல நிலையம் ஒன்றுக்கும் அனுப்பப்பட்டு, அதே ஆண்டிலேயே அதே பங்குக்குத் திரும்பினார். திருச்சபை தனக்கு முழு விபரங்களையும் தரவில்லை என ஹார்ட்போர்ட் நிலையம் பிற்காலத்தில் முறையிட்டது.

உளவளத்துணையாளர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி இங்கேதான் கூர்மை பெறுகிறது. அனுப்புபவரும் ஆயர், கட்டணம் செலுத்துபவரும் ஆயர், அறிக்கையைப் பெறுபவரும் ஆயர். அச்சிறுவர்களின் முகத்தை அந்த அறையில் இருந்த எவரும் கண்டதில்லை.

1992

1992ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. போர்ட்டரின் குற்றங்கள் செய்தியாகி மசாசூசெற்ஸ் கொந்தளித்தபோது, கர்தினால் லோ கடவுளின் வல்லமை ஊடகங்கள் மீது, குறிப்பாகக் குளோப் பத்திரிகை மீது இறங்கட்டும் என்று பகிரங்கமாக வேண்டினார். அதே ஆண்டில், பொஸ்டனிலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் கேம்பிரிட்ஜ் நகரில் பணியாற்றிய உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன், மனவடுவும் மீட்சியும் பற்றிய தமது நூலை வெளியிட்டார். போரிலிருந்து திரும்பிய படைவீரரின் துயரையும் வீட்டுக்குள் வன்முறைக்கு உள்ளான பெண்கள், சிறுவர்களின் துயரையும் ஒரே தராசில் வைத்து நோக்கிய நூல் அது. மீட்சிக்கு மூன்று படிகளை அவர் வகுத்தார். முதலாவது, பாதுகாப்பு. இரண்டாவது, நடந்ததை நினைவுகூர்ந்து சொல்லித் துக்கம் அனுஷ்டித்தல். மூன்றாவது, மனிதரோடு மீண்டும் உறவுகொள்ளல். இவ்வரிசையில் மன்னிப்பு என்பது நுழைவாயிலில் கேட்கப்படும் கட்டணம் அன்று. பாதுகாப்பே இல்லாதபோது மன்னிக்கச் சொல்வது, முறிந்த கால் பொருந்துமுன் எழுந்து நடக்கச் சொல்வதற்கு ஒப்பானது.

அவ்வாண்டு டிசம்பரில் குளோப் பத்திரிகையில் சிறிய செய்தியொன்று வெளியானது. டேவிட் ஹொலி என்ற குருவானவர் மீது நியூ மெக்சிக்கோவில் இருவர் குற்றஞ்சாட்டியிருந்தனர். இவரும் ஹெமெஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பப்பட்டவரே. அச்செய்தி ஃபில் சவியானோ என்பவரின் கண்ணில் பட்டது. வூஸ்டர் மறைமாவட்டத்தில் சிறுவனாக இருந்தபோது அதே ஹொலியால் பாதிக்கப்பட்டவர் அவர். தமக்கு மட்டுமே நேர்ந்தது என எண்ணியிருந்த சவியானோ அன்றுதான் உண்மையை உணர்ந்தார். உடனே பத்திரிகையைத் தொலைபேசியில் அழைத்துத் தம் கதையைக் கூறினார். வழக்கும் தொடுத்தார். இரகசியம் காப்பதாகக் கையொப்பமிட்டால் பணம் தருவதாகக் கூறப்பட்டது. எயிட்ஸ் நோயால் மரணத்தை எதிர்பார்த்திருந்த அவர் அதற்கு மறுத்தார். பின்னர் வந்த புதிய மருந்துகள் அவரைக் காப்பாற்றின. 2021 நவம்பர் வரை வாழ்ந்தார். 1997இல், பாதிக்கப்பட்டோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பின் நியூ இங்கிலாந்துக் கிளையை ஆரம்பித்தார். இவ்வமைப்பை 1980களின் இறுதியில் சிக்காகோவில் தொடக்கியவர் பார்பரா பிளெய்ன் என்ற பெண். அவரும் சிறுவயதில் குருவானவர் ஒருவரால் பாதிக்கப்பட்டவரே. ஒன்றுகூடிப் பேசி ஒருவரையொருவர் தேற்றுதல் என்ற அந்தப் பழைய காசநோயாளர் வகுப்பின் முறை, தொண்ணூறு ஆண்டுகளின் பின் கோயிலுக்கு வெளியே மறுபிறப்பு எடுத்தது எனலாம்.

பூட்டு உடைந்தது

பத்திரிகையாளன் என்ற முறையில் குளோப்பின் கதையில் என்னைக் கவர்ந்தது அதன் வெற்றி மட்டுமன்று, அதன் தாமதமும்தான். ஏறத்தாழ 20 குருமார் மீதான முறைப்பாடுகள் பற்றி சட்டத்தரணி ஒருவர் கூறிய தகவல் 1993இலேயே அப்பத்திரிகையின் உட்பக்கத்தில் வந்து அத்துடன் மறக்கப்பட்டது. அப்போது நகரச் செய்திகளுக்குப் பொறுப்பாக இருந்தவர், பின்னர் 'ஸ்பொட்லைட்' புலனாய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய வோல்ட்டர் ரொபின்சன். அதனை அவர் ஒளித்ததில்லை.

2001 ஜூலை இறுதியில் வெளியூரிலிருந்து வந்து ஆசிரியர் பொறுப்பை ஏற்றார் மார்ட்டின் பரோன். கேகன் வழக்கின் ஆவணங்கள் நீதிமன்றில் முத்திரையிட்டு மூடப்பட்டிருப்பது பற்றி அப்பத்திரிகையின் பத்தி எழுத்தாளர் ஐலீன் மக்னமாரா எழுதியிருந்தார். அதை வாசித்த பரோன், தமது முதல் நாள் கூட்டத்திலேயே அம்முத்திரையை உடைக்க நாம் ஏன் வழக்குத் தொடுக்கக்கூடாது என்று வினவினார். அந்நகரின் வாசகரில் பெரும்பகுதியினர் கத்தோலிக்கர். பலருக்கும் தோன்றாத கேள்வி வந்த அன்றே அவருக்குத் தோன்றியது. 2001 நவம்பரில் நீதிபதி கொன்ஸ்டன்ஸ் ஸ்வீனி ஆவணங்களைத் திறக்குமாறு உத்தரவிட்டார். கத்தோலிக்கப் பாடசாலைகளில் படித்தவர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது.

2002 ஜனவரி 6ஆம் திகதி, திருக்காட்சிப் பெருவிழா ஞாயிறன்று, முதற்கட்டுரை வெளியானது. கேகனால் தாம் பாதிக்கப்பட்டதாக 130க்கும் மேற்பட்டோர் கூறியிருந்தனர். முந்திய பத்தாண்டுகளில் குறைந்தது 70 குருமார் மீதான முறைப்பாடுகளை உயர்மறைமாவட்டம் இரகசியமாகப் பணம் கொடுத்துத் தீர்த்திருந்தது என்பதும் அம்மாத இறுதியில் வெளிவந்தது. அவ்வாண்டில் மட்டும் குளோப் ஏறத்தாழ 600 கட்டுரைகளை வெளியிட்டது. சிறுவர் துஷ்பிரயோகத்தை அரசுக்கு அறிவிக்கும் கடமையை மதகுருமாருக்கும் விதித்து மசாசூசெற்ஸ் மாநிலம் 2002 மேயில் சட்டம் இயற்றியது. டிசம்பர் 13ஆம் திகதி கர்தினால் லோ பதவி விலகினார். 2003இல் 500க்கும் மேற்பட்டோருக்கு 85 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்க உயர்மறைமாவட்டம் இணங்கியது. கேகன் சிறையில் சக கைதியால் 2003 ஓகஸ்டில் கொல்லப்பட்டார். லோ ரோமாபுரியின் பெரும் பேராலயம் ஒன்றின் தலைமைக் குருவாக 2004இல் நியமிக்கப்பட்டார். பாதிக்கப்பட்டோர் பலருக்கு அந்நியமனம் இரண்டாம் காயமாயிற்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்ற கதையின் முழு அளவு 2004இல் வெளிவந்த ஜோன் ஜே கல்லூரியின் ஆய்வில் தெரிந்தது. 1950 முதல் 2002 வரை அமெரிக்காவில் 4,392 குருமார் மீது குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தன. முறைப்பாடு செய்தோர் 10,667 பேர்.

2002 ஜூனில் டல்லஸ் நகரில் கூடிய அமெரிக்க ஆயர்கள் புதிய விதிமுறைகளை வகுத்தனர். ஒவ்வொரு மறைமாவட்டமும் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதற்கென ஒருவரை நியமித்து, உளவளத்துணையும் வழங்க வேண்டும். பாதிக்கப்பட்டவரே விரும்பிக் கேட்டாலன்றி இரகசிய உடன்படிக்கைகள் கூடாது. இரண்டாவது விதி முதலாவதைக் காட்டிலும் பெரிய மருந்து என்பேன். வாயைக் கட்டிவிட்டுச் செய்யும் சிகிச்சை சிகிச்சையாகாது.

வேதாகமம் போதும் என்றவர்கள்

இது கத்தோலிக்கரின் நோய் மட்டுமே என்று புரட்டஸ்தாந்து சபைகள் சில காலம் எண்ணியிருந்தன. அவர்களின் கதை வேறு வழியில் சென்று அதே இடத்தில் முட்டியது. 1970இல் ஜே அடம்ஸ் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் எழுதிய நூலொன்று, உளவியலைத் திருச்சபைக்குள் கொண்டுவந்த வூஸ்டர், பொய்சன் வழியை அடியோடு நிராகரித்தது. மனத்துன்பம் எனப்படுவதில் பெரும்பகுதி பாவத்தின் விளைவு. வேதாகமத்தைக் கொண்டு கண்டித்துத் திருத்துவதே துணை என்பது அவருடைய வாதம். மனிதனை நோயாளியாக மட்டும் பார்க்காமல் பொறுப்புள்ளவனாகப் பார்க்க வேண்டும் என்ற அவரது கருத்தில் ஓர் உண்மை உண்டு. ஆனால் பிறர் செய்த பாவத்தால் நொறுங்கியவர் எதிரே வந்து அமரும்போது, 'உன் பாவம் என்ன?' என்று தொடங்கும் துணை அவரை எங்கே கொண்டுசெல்லும்? அடிபட்ட மனைவிக்குப் பணிவும், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு மன்னிப்பும் போதிக்கப்பட்ட கதைகள் பின்னாளில் ஏராளமாக வெளிவந்தன. தென் பப்டிஸ்ட் சபையின் லூயிவில் இறையியல் கல்லூரியும் உளவியல் சார்ந்த தன் பழைய கற்கைநெறியைக் கைவிட்டு 2005இல் வேதாகம ஆலோசனை வழிக்கு மாறியது.

அதே தென் பப்டிஸ்ட் சபைகளில் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 380 போதகர்களும் ஊழியர்களும் 700க்கும் மேற்பட்டோரைப் பாதிப்புக்கு உள்ளாக்கியதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்ததை 2019 பெப்ரவரியில் ஹூஸ்டன், சான் அன்டோனியோ நகரங்களின் இரு பத்திரிகைகள் வெளியிட்டன. குற்றவாளிகளின் பட்டியல் ஒன்றைப் பேண வேண்டும் என்ற வேண்டுகோளைச் சபையின் நிர்வாகக்குழு 2008இல் நிராகரித்திருந்தது. தனித்தனிச் சபைகளின் சுயாதீனத்தில் தலையிட முடியாது என்பது அன்று கூறப்பட்ட காரணம். 2022 மேயில் வெளிவந்த சுயாதீன விசாரணை அறிக்கை, 703 பேரைக் கொண்ட பட்டியலொன்றைத் தலைமையக ஊழியர்கள் இரகசியமாகப் பேணிவந்ததை வெளிப்படுத்தியது. ஆயர்கள் இல்லாத சபையிலும் கோப்புகள் இருந்தன, பூட்டும் இருந்தது.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் வைத்தியர் லரி நசார் மீது முதன்முதலில் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டிய ரேச்சல் டென்ஹொலண்டர் ஒரு சட்டத்தரணி. உறுதியான சுவிசேஷக் கிறிஸ்தவர். பாதிக்கப்பட்டோருக்காகக் குரல்கொடுத்ததால் தமது சொந்தச் சபையையே இழக்க நேர்ந்ததாக அவர் 2018இல் கூறினார். துஷ்பிரயோகத்துக்கு உள்ளானவர் உதவி நாடிச் செல்லக்கூடிய மிக மோசமான இடங்களில் ஒன்றாகத் திருச்சபை இருக்கிறது என்றும் அவர் சொன்னார். விசுவாசத்தைக் கைவிடாத ஒருவரின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது என்பதால்தான் அதற்குக் கனம் அதிகம்.

என் மேசைக்கு வந்த கடிதம்

இப்போது நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட காரணத்துக்கு வருகிறேன். 1980களின் நடுப்பகுதி. இளம் நிருபராக இருந்த எனக்கு ஒரு பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. சமய நிறுவனம் ஒன்று நடத்திய மாணவர் விடுதியில் தங்கிப் படித்த தன் தம்பிக்கு அங்கு பொறுப்பிலிருந்த ஒருவர் இழைத்த தீங்கைப் பற்றி எழுதியிருந்தாள். கொப்பித் தாளில், அடித்தல் திருத்தலின்றி, நான்கு பக்கங்கள். பலமுறை எழுதிப் பார்த்துப் பிரதிசெய்த கடிதம் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

நான் அதனை எடுத்துக்கொண்டு அந்நிறுவனத்தின் பெரியவரைச் சந்திக்கச் சென்றேன். நல்ல மனிதர். தேநீர் தந்தார். "தம்பி, இது நாலு சுவருக்குள்ளே தீர்க்க வேண்டிய விஷயம். பொடியனுக்கு நாங்கள் ஆறுதல் சொல்லி வைத்திருக்கிறோம். நீங்கள் எழுதினால் அவனுடைய எதிர்காலம்தான் பாழாகும்" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டும் வந்தேன். பொறுப்பிலிருந்த மனிதர் வேறோர் ஊருக்கு மாற்றலாகிச் சென்றதாக அறிந்தேன். போர் மூண்ட காலம் அது. எழுதுவதற்குப் பெரிய செய்திகள் எவ்வளவோ இருந்தன. அந்தத் தம்பிக்கு என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை.

பொஸ்டன் செய்தியை ஐந்து வரிகளாகச் சுருக்கிய இரவில் அக்கடிதம் என் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆனால் அது உண்மையன்று. பல ஆண்டுகள் கழித்து, 1982இல் ஒரு பெண்மணி கர்தினாலுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி வாசித்தபோதுதான் அது என்னைத் தேடி வந்தது. அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு ஆறுதல் சொல்லியே இருப்பார். அவன் நோயாளி அல்லன், சாட்சி என்பதை அவரும் உணரவில்லை, நானும் உணரவில்லை. சாட்சிக்கு ஆறுதல் மட்டும் போதாது. அவன் கூறியது மெய் என்று எவரேனும் ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

கிறிஸ்தவ உளவளத்துணையில் இன்று எத்தனையோ நன்மைகள் நிகழ்கின்றன. போரின் பின்னும் ஆழிப்பேரலையின் பின்னும் எங்கள் கரையோரக் கிராமங்களில் குருமாரும் அருட்சகோதரிகளும் மணற்றரையில் அமர்ந்து மணிக்கணக்காக மக்களின் கதைகளைக் கேட்டதை நானே கண்டிருக்கிறேன். அந்தத் துயரங்களைக் கடல் கொண்டுவந்தது. அல்லது படைகள் கொண்டுவந்தன. அவற்றைக் கேட்பது திருச்சபைக்கு ஒப்பீட்டளவில் எளிது. தன் வீட்டுக்குள்ளிருந்தே வந்த தீங்கைச் சொல்ல ஒருவர் வந்து அமரும்போதும் அதே பொறுமையோடு கேட்க முடிகிறதா, கேட்டதைப் பொலிசுக்கும் சபைக்கும் சொல்லத் துணிவு இருக்கிறதா என்பதுதான் சோதனை. தேவாலயங்களுக்கு மட்டுமல்ல, கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் பாடசாலைகளுக்கும் பத்திரிகைக் காரியாலயங்களுக்கும் அதே சோதனைதான்.

சவியானோவின் கண்ணில் பட்டது ஒரு சிறு செய்தி. அதை எழுதிய நிருபருக்கு அன்று அதன் பெறுமதி தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் எழுதினார், அச்சில் வந்தது, உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. என்னிடம் வந்த நான்கு பக்கங்களில் ஒரு வரிகூட அச்சேறவில்லை. அன்றைய அந்தத் தம்பிக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேலாகியிருக்கும். அக்கடிதத்தை எழுதிய அக்காள் எந்த நாட்டில் இருக்கிறாரோ நான் அறியேன். இக்கட்டுரை அவர் கண்ணில் படுமானால், அன்று அவர் எழுதியதை நான் நம்பினேன் என்பதையும், நம்பியும் வாளாவிருந்தேன் என்பதையும் அவர் அறிய வேண்டும்.